புள்ளி இல்லாத செல்வி

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்தி வையி. கழுத்துல என்னமோ மாட்டிக்கிட்டுத் திரியுதியே, அது என்னன்னு கேட்டா 'பர்சனலைஸ்டு ஜுவல்லரி'ங்க. பேரு நல்லாப் பெருசாத்தான் இருக்கு. நகையத்தான் கண்ணுல காணல. (நீ பொம்பளப்புள்ளன்னா நான் 'ஏலே'ங்கிற எடத்துல எல்லாம் 'ஏட்டி'ன்னு வாசிச்சுக்க. ஏமாறுறதுல ஆம்பள என்ன, பொம்பள என்ன?)

போன ஆவணியில எம் மூத்த பேரன் மெட்ராஸ்ல இருந்து வந்திருந்தான். கல்யாணம் ஆகி மொத வருசம். பொண்டாட்டி பேரு செல்வி. அவ பொறந்தநாளுக்கு அவளுக்குத் தெரியாம ஒரு டாலர் சங்கிலிக்குச் சொல்லிவிட்டிருக்கான். சும்மா டாலர் இல்லலே. அவ பேரையே தமிழ்ல வெட்டி, அந்தப் பேரே டாலராத் தொங்குமாம். 2,499 ரூவா. பதினஞ்சு நாள் கழிச்சு கூரியர்காரத் தம்பி வந்தான். ஒரு பெட்டி. பெட்டிக்குள்ள இன்னொரு பெட்டி. அதுக்குள்ள வெல்வெட்டுப் பை. பைக்குள்ள பிளாஸ்டிக் உறை. முட்டைக்கோசு உரிக்கிற மாதிரி உரிச்சுக்கிட்டே போறான். கடைசியில சுண்டுவிரல் நீளத்துக்கு ஒண்ணு வந்துச்சு. 'தாத்தா, வாசிங்க'ன்னு எங் கையில குடுத்தான். கண்ணாடியத் தொடச்சுப் போட்டுப் பாத்தேன்.

'செலவி'ன்னு இருந்துச்சு.

ரெண்டு தரம் வாசிச்சேன். செலவியேதான். 'என்னலே, பில்ல டாலராப் போட்டுட்டானா?'ன்னு கேட்டேன். அவன் மூஞ்சி செத்துப் போச்சு. செல்வி பாவம், வாயப் பொத்திக்கிட்டு அடுப்படிக்கு ஓடிட்டா. சிரிக்கத்தான் ஓடுனா.

என்ன நடந்துச்சு தெரியுமா? பேரத் தகட்டுல வெட்டி எடுக்கையில எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருந்தாத்தான் டாலர் நிக்கும். 'ல்' மேல இருக்க புள்ளி எதோட ஒட்டும்? அந்தரத்துல நிக்க அது என்ன நட்சத்திரமா? தெரிஞ்ச வேலைக்காரன்னா சின்னதா ஒரு கால் குடுத்துப் புள்ளியப் பிடிச்சு வைப்பான். இல்லாட்டி, மேல வளையம் மாட்டுற எடத்தையே புள்ளியா ஆக்கிருவான். தெரியாதவன் அதத் தூசின்னு நெனச்சுத் தட்டி விட்டிருவான். புள்ளி போனா கண்ணன் கணணன. முத்து முதது. அந்தக் காலத்துல ஓலையில எழுதுனவங்களும் புள்ளி வைக்காம விட்டாங்கன்னு நீ கேக்கலாம். ஆமா, விட்டாங்க. எழுத்தாணி குத்துனா ஓலை கிழிஞ்சிரும்னு விட்டாங்க. ஆனா வாசிக்கிறவனுக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. அந்த ஓலையக் கழுத்துலயும் யாரும் கட்டிக்கிடல.

கொம்பு கதையும் இருக்கு. தமிழ் எழுத்து ஒழுங்கா ஏறாத மிசினு, 'கோ'வுல முன்னால நிக்க வேண்டிய கொம்பத் தூக்கிப் பின்னால எறிஞ்சிரும். கோமதி கொம்பு முறிஞ்சு நிப்பா. ஆகையினால, பேரை டைப் அடிச்சு அனுப்பிட்டுத் தூங்கப் போகாத. ஒரு தாள்ல நல்லா எழுதிப் படம் பிடிச்சு அனுப்பு. வெட்டுன பெறகு, பெட்டியில போடுறதுக்கு முந்தி, ஒரு போட்டோ கேளு. வந்தத நீ மட்டும் பாக்காத. நீ எழுதுன பேர நீயே பாத்தா ஒங் கண்ணு தப்பையும் சரியாத்தான் வாசிக்கும். வீட்டுல இருக்க ஒரு கெழவியக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லு.

எம் பேரனுக்கு அவங்க வெட்டுறதுக்கு முந்தியே படம் அனுப்பித்தான் இருந்தாங்க. அந்தப் படத்துல புள்ளி இருந்துச்சு. சாமான்லதான் இல்ல. போன் போட்டுக் கேட்டான். 'பேரு போட்டது, திருப்பி எடுக்க மாட்டோம் சார்'ன்னு பதில். அந்தப் பேச்சுல பாதி நாயம் இருக்குலே. செல்வின்னு வெட்டுனத எசக்கியம்மா வாங்குவாளா? புடிக்கல, நெறம் சரியில்லன்னு நீ திருப்பிக் குடுத்தா அவன் உருக்கத்தான் செய்யணும். ஆனா அவன் தப்பா வெட்டுனது வேற கணக்கு. 2020ல வந்த இணைய வியாபார விதியில, சொன்னது மாதிரி இல்லாத பொருளையும் பழுதானதையும் திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவன் சொல்லப்பிடாதுன்னு இருக்கு. மொரண்டு பிடிச்சா 1915க்குப் போன் போட்டுச் சொல்லு. அது நுகர்வோர் உதவி எண். பெட்டியப் பிரிக்கையில பக்கத்துல ஒருத்தன வீடியோ எடுக்கச் சொல்லு. சோறு திங்கிறதையே படம் பிடிக்கிறவன்தான நீ? இதுக்கு மட்டும் கூச்சமா?

நம்ம பய என்ன செஞ்சான்? ரெண்டு வாரம் மெயில் மேல மெயிலாப் போட்டான். கடைசியில நூறு ரூவா கூப்பன் வந்துச்சு. அடுத்த நகை வாங்கிக்கிடவாம். பேசாம விட்டுட்டான். படிச்ச புள்ளல்லா, சண்ட போடத் தெரியாது.

சரி, இந்தப் பர்சனலைஸ்டுங்கிறது என்னமோ சீமையில இருந்து எறங்கினது மாதிரிப் பேசுதியே. ஒங்க ஆச்சி வச்சிருக்க எவர்சில்வர் சொம்பத் திருப்பிப் பாரு. அவ பேரு, ஊரு, யாரு சீர் குடுத்தா, எந்தத் தேதின்னு வெட்டியிருக்கும். பாத்திரக்கடையில ஒருத்தன் உக்காந்து டிர்ர்ருன்னு மிசினால வெட்டித் தருவான். அவன் கேக்குற மொதக் கேள்வியே 'இன்ஷியல் என்ன'ங்கிறதுதான். ஒரு புள்ளி விட்டதில்லலே அவன். அம்பது வருசமாத் தேய்ச்சும் எழுத்து அழியல, ஏன்னா ஆழமா வெட்டுவான். இப்ப வார நகையில மேலாப்புல லேசரால கீறி விட்டிருப்பாங்க. வாங்கும்போது கேளு, எழுத்து எம்புட்டு ஆழம்னு. நகத்த வச்சு இழுத்தா தட்டுப்படணும்.

இன்னொண்ணு கேட்டேன், எனக்கே மயக்கம் வந்துருச்சு. தாய்ப்பால உலர்த்திப் பொடியாக்கி, கல்லு மாதிரி எறுக வச்சு, மோதிரத்துல பதிச்சுக் குடுக்காங்களாம். கொழந்த முடியையும் வைப்பாங்களாம். செல்வி படத்த எடுத்துக் காட்டுனா. நான் சொன்னேன், 'ஏளா, இது தாயத்துதான?' ஒங்க அப்பனுக்குத் தொப்புள்கொடி விழுந்ததும் அதக் காயப்போட்டு, வெள்ளிக் குப்பியில அடச்சு, அரணாக்கொடியில கட்டிவிட்டது யாரு? ஒங்க பூட்டிதான். அதவிடப் பர்சனலா ஒரு நகை உண்டாலே? அதுக்கு ஆர்டர் நம்பரும் கெடையாது, ஓடிபியும் கெடையாது. ஊரே அத அரணாக்கொடிச் சாமானுன்னு சொல்லும், அம்புட்டுதான்.

அளவு விசயம் ஒண்ணு. படத்துல அந்த டாலர் கழுத்து நெறைய இருக்கும். வந்த பெறகு தேடணும். படத்துல பெருசாத் தெரியறதுக்குக் காசா பணமா? மில்லிமீட்டர் எத்தனைன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருப்பான். ஸ்கேல எடுத்து ஒந் தாடைக்குக் கீழ வச்சுப் பாரு. சங்கிலிய 16 இஞ்சு, 18 இஞ்சுன்னு சொல்லுவாங்க. கெணத்துக்குக் கயிறு வாங்கப் போறவன் ஆழம் பாக்காம வாங்குவானா? ஒரு சணலக் கழுத்துல போட்டுப் பாத்து அளந்துக்க. மோதிரம்னா இன்னும் சாக்கிரத. காலையில ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவு இருக்கும் விரலு. வெயில்ல வீங்கும், குளுர்ல சுருங்கும். நூலச் சுத்தி அளந்தா நூலு இழுபடும். காயிதத்தச் சீவி, சாயங்காலமா அளந்து பாரு. விரல் மொழியில ஏறி எறங்கணும், அதுதான் கணக்கு. பேரு வெட்டுன மோதிரத்தப் பெறகு பெருசாக்கணும்னா எழுத்துக்கு நடுவுல வெட்டு விழும். பத்மா, பத் ஒரு பக்கம், மா ஒரு பக்கம்னு போயிருவா.

இப்ப அந்த டாலருக்கு வாரேன். அதத் துண்டுல முடிஞ்சுக்கிட்டு ஆசாரி வீட்டுத் திண்ணைக்குப் போனேன். எங்க ஊருல முந்தி நாலு குமுட்டி எரிஞ்சுது. இப்ப ஒண்ணுதான். அதுவும் வாரத்துல ரெண்டு நாள்தான் எரியும். ஆசாரி டாலரக் கையில வாங்குனாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு. உரைகல்ல ஒரு இழு இழுத்தாரு. என்ன ஒரு மாதிரியாப் பாத்துட்டுக் கேட்டாரு:

'என்ன அண்ணாச்சி, குத்துவிளக்க ஒடச்சுக் கொண்டாந்திருக்கீயளா?'

பித்தளைலே! எம் பேரன்கிட்டக் கேட்டா, '18 கேரட்னு போட்டிருந்தாங்க தாத்தா'ங்கான். போன வாங்கிப் பாத்தேன். '18 கேரட் கோல்டு பிளேட்டட்'ன்னு இருந்துச்சு. பய மொத ரெண்டு வார்த்தைய வாசிச்சிருக்கான், மூணாவதுலயே தங்கம் தெரிஞ்சதும் கண்ண மூடிட்டான். நாலாவது வார்த்தையிலதான நகையே இருக்கு? 18 கேரட்னா 24ல 18 பங்கு தங்கம், நூத்துக்கு 75. அது மேல பூசியிருக்க தோலுக்குச் சொன்ன கணக்கு. உள்ள இருக்க உடம்பு என்னன்னு அவனும் சொல்லல, இவனும் கேக்கல. அந்தத் தோலு எம்புட்டு தடிமன்? அரை மைக்ரான் முலாம்னா நல்ல முலாம்னு பேரு. ஒந் தலமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான். அந்த முடிய நெட்டு வாக்குல 140 சீவலாச் சீவுனா ஒரு சீவல் எம்புட்டு, அம்புட்டுதான் தங்கம். மூக்கச் சிந்துனாலே போயிரும்.

கவரிங் போடுறது கேவலம்னு நான் சொல்லலலே. சிதம்பரம் கவரிங்னு பேரு வாங்கி எத்தனை வருசம்? எத்தனை கல்யாணத்துல மானத்தக் காப்பாத்தியிருக்கு? ஆனா அவங்க அதக் கவரிங்னு சொல்லித்தான் விக்காங்க. நீயும் கவரிங் வெலைக்குத்தான் வாங்குத. கவரிங்க இங்கிலீசுல சொல்லித் தங்க வெலையில கால்வாசி கேக்குறதுதான் புது வியாபாரம்.

'ஆன்டி டார்னிஷ்'னு ஒண்ணு இருக்கு. கருக்காது, தண்ணி பட்டாலும் போகாது, வேர்வைக்கும் அசையாதுன்னு ஏழு பக்கம் எழுதியிருப்பான். என்ன உலோகம்னு பாத்தா ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். அட மக்கா, எவர்சில்வரு! ஒங்க ஆச்சி சொம்புக்குச் சொந்தக்காரன். கேலி பண்ணுதேன்னு நெனைக்காத, எனக்குப் புடிச்சது அதுதான். அது உண்மையச் சொல்லுது, வெலையும் கம்மி. காதுல போட்டுப் புண்ணாகுற புள்ளைகளுக்கு, நிக்கல் கலந்த மலிவுச் சாமானவிட அது எம்புட்டோ தேவல. தங்கக் கலர் அதுலயும் மேல்பூச்சுதான், மறந்துராத.

நெசமாவே தங்கத்துல பேரு வேணுமா? அப்பச் சரி. முத்திரையப் பாரு. 2021 சூன் 16ல இருந்து நம்ம நாட்டுல கொஞ்சங்கொஞ்சமா மாவட்டம் மாவட்டமா ஹால்மார்க்கக் கட்டாயமாக்குனாங்க. 2023 ஏப்ரல் 1ல இருந்து எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியும் இருந்தாகணும். மூணு குறி இருக்கணும்: பிஐஎஸ் முக்கோணம், மாத்து, அந்த ஆறு எழுத்து. 22 கேரட்னா 916, 18னா 750, 14னா 585. ஆறு எழுத்த பிஐஎஸ் கேர்ங்கிற ஆப்புல தட்டுனா யாரு போட்டது, என்ன மாத்துன்னு சொல்லிரும். ஆனா ஒரு சந்து இருக்கு பாத்துக்க. ரெண்டு கிராமுக்குக் கீழ உள்ள சாமானுக்கு அந்தக் கட்டாயம் இல்ல. பேரு வெட்டுன டாலரு எல்லாம் எம்புட்டு கனம் இருக்கும்னு நெனைக்க? ஒன்றரை கிராம், ஒன்னே முக்கால் கிராம். புரியுதா? முத்திரை இல்லாம வந்தா அவன் சட்டத்த மீறுனதா அர்த்தம் இல்ல. ஆனா நீ அவன் வாய மட்டும் நம்பி வாங்குனதா அர்த்தம். பில்லுல மாத்து, கனம், கூலி மூணையும் தனித்தனியா எழுதச் சொல்லு. எழுத மாட்டேங்கிறவன்கிட்ட ஒனக்கு என்னலே யாவாரம்?

தாய்ப்பொன்னுலயும் மாப்பொன் எடுப்பான் தட்டான்னு ஒரு சொலவடை உண்டு. எங்க ஆசாரிகிட்டயே அதச் சொல்லிக் கேலி பண்ணியிருக்கேன். அவரு சிரிச்சுக்கிட்டே, 'எடுத்தா எங்க அண்ணாச்சி ஓடப்போறேன்? ஒங்க வாசலத் தாண்டித்தான தண்ணிக்குப் போகணும்?'ன்னாரு. அம்புட்டுதான்லே கணக்கு. பேரு தெரிஞ்ச ஆளு ஒம் பேர வெட்டணும். ஒனக்கு வாரதெல்லாம் ஒம் பேரு பெருசா எழுதி, அனுப்புனவன் பேரு பொடியா எழுதுன பெட்டி.

இனி வச்சுக் காப்பாத்துற கதை. பெட்டிக்குள்ள ஒரு அட்ட இருந்துச்சு. தண்ணி படப்பிடாது. வேர்வை படப்பிடாது. செண்டு, கிரீம், சோப்பு ஆகாது. வெயில்ல வைக்காத. தூங்கையில கழட்டு. அப்ப எப்பம்லே போடுறது? செத்த பெறகா? ஆனா முலாம் நகைக்கு அந்த அட்டையில உள்ளது பொய் இல்ல. சீவி முடிச்சு, பவுடர் போட்டு, செண்டு அடிச்சுக் காஞ்ச பெறகு கடைசியாப் போடு. வீட்டுக்கு வந்ததும் மொதல்ல அதக் கழட்டு. மெல்லிசுத் துணியால ஒத்தி எடு. தேய்க்காத. தேய்ச்சா அந்த முடிச் சீவலும் ஒங் கைத்துணியோட வந்துரும்.

வெள்ளின்னா வேற. 925ன்னு போட்டிருந்தா ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு. அது கறுக்கத்தான் செய்யும். 'கொலுசு கறுத்தா ஒடம்புல சூடு, கண்ணு பட்டிருக்கு'ன்னு பயந்துக்கிட்டுத் திரிவாளுக எங்க காலத்துல. காத்துல இருக்க கெந்தகத்தோட வெள்ளி சேந்தா கறுக்கும், அதுக்கு ஒங் கண்ணு என்ன செய்யும்? நாம இருக்கது சிவகாசிக்குப் பக்கம். தீவாளி வெடிப்பொகையில நின்னுட்டு வந்தா வெள்ளி கறுக்காம மினுங்குமா? விபூதிய ஈரத்துணியில தொட்டு லேசாத் துடைச்சாப் போயிரும். பேஸ்டு போட்டுத் தேய்க்காத, அது பல்லுக்கு. ஒண்ணு கவனி. எழுத்து எடுப்பாத் தெரியட்டும்னு சில நகையில எழுத்துப் பள்ளத்த வேணும்னே கறுப்பாக்கியிருப்பாங்க. அத மருந்துத் தண்ணியில முக்கி எடுத்தா கறுப்பு போகும், பேரும் கூடவே போகும். பளபளன்னு ஊமையா ஒரு தகடு மிஞ்சும்.

தங்கத்துக்கு ஒண்ணும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணி, பூந்திக்கொட்டை நுரை, பழைய பல்லு பிரசு. நீச்சல் கொளத்துக்குப் போறப்ப மட்டும் கழட்டி வையி, அந்தக் குளோரின் கொறஞ்ச மாத்துத் தங்கத்துக்கு ஆகாது. எல்லாத்தையும் ஒரே டப்பாவுல அள்ளிப் போடாத. ஒண்ணோட ஒண்ணு ஒரசும். மாமியா மருமகள மாதிரித் தனித்தனிப் பையில போட்டு வையி, ரெண்டும் நல்லா இருக்கும்.

ஆசாரி அன்னைக்கு என்ன செஞ்சாருன்னு சொல்லாம விட்டுட்டேனே. 'புள்ளி வச்சிரலாம், ஆனா தீயில காட்டுனா முலாம் போயிரும், பரவாயில்லையா?'ன்னு கேட்டாரு. 'முலாம் போனாப் போகட்டுமய்யா, புள்ளி வந்தாப் போதும்'ன்னேன். கடுகு கணக்கா ஒரு வெள்ளி உருண்டைய உருட்டி, வெங்காரம் தடவி, 'ல' தலைமேல வச்சு, பொடி வச்சு ஊதுனாரு. மஞ்சத் தோலு கறுத்துச் சுருண்டு போச்சு. தேய்ச்சுக் குடுத்தாரு. நாப்பது ரூவா. டீயும் அவரே வாங்கிக் குடுத்தாரு.

செல்வி அதக் கழுத்துல போடுறதில்ல. வேர்வை பட்டா பச்சையா ஓடுது. பீரோ சாவிக் கொத்துல மாட்டியிருக்கா. வெள்ளிக்கிழம குத்துவிளக்கு தேய்க்கையில அதையும் கழட்டி, சேத்துவச்சுப் புளி போட்டுத் தேய்க்கா. எழுத்தெல்லாம் மஞ்சளா மினுங்குது. புள்ளி மட்டும் வெள்ளையா நிக்குது.